சங்கிலிக்கு முன்பே வந்திருக்க வேண்டிய மருத்துவர்

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. மனநலக் காப்பகம் என்ற பெயரில் தனியார் நடத்திவந்த இடம் அது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். 28 பேர் இறந்துபோனார்கள். அப்போது ராமநாதபுரம் மாவட்டத்தில் வாழ்ந்த எவரும் அந்தச் செய்தியை மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் அதை நாங்கள் நினைவில் வைத்திருக்கும் முறை என்னை நெடுநாளாக உறுத்துகிறது. ஈவிரக்கமற்ற ஒரு நடத்துநர், மூடநம்பிக்கையில் ஊறிய குடும்பங்கள், எங்கிருந்தோ வந்த ஒரு நெருப்பு என்று மூன்று குற்றவாளிகளைச் சொல்லிக் கதையை முடித்துவிடுகிறோம். அங்கே இருந்தவர்கள் நோயாளிகள், அவர்களுடைய நோய்க்கு மருந்து இருந்தது, அந்த மருந்து அவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் கிடைக்கவில்லை என்பதெல்லாம் அந்தக் கதையில் விடுபட்டுப் போகிறது. எல்லாக் குடிமக்களுக்கும் அரசே மருத்துவம் தர வேண்டுமா என்ற விவாதம் எழும்போதெல்லாம் என் மனம் ஏர்வாடிக்குத்தான் போகிறது. தர வேண்டும் என்பதே என் முடிவு. என்னை அந்த முடிவுக்குக் கொண்டுசேர்த்ததில் கொள்கைப் புத்தகங்களைவிட இந்த ராமநாதபுரக் கரையின் கடந்தகாலத்துக்கே பங்கு அதிகம்.

ஏர்வாடி தர்ஹாவுக்கு மனம் பேதலித்தவர்களை அழைத்துவரும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்துவருவது. முஸ்லிம், இந்து, கிறிஸ்தவர் என்ற வேறுபாடு அதில் இல்லை. கனவில் உத்தரவு கிடைக்கும்வரை தங்கியிருக்க வேண்டும் என்பது நம்பிக்கை. அது ஒரு வாரத்திலும் கிடைக்கலாம், வருடக்கணக்கிலும் ஆகலாம். கூலி வேலைக்குப் போகிற குடும்பம் எத்தனை நாள் வேலையை விட்டுவிட்டு உடனிருக்க முடியும்? அந்த இடைவெளியில்தான் காப்பகங்கள் முளைத்தன. மாதம் இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொண்டு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். பார்த்துக்கொள்ள மருத்துவரும் இல்லை, செவிலியரும் இல்லை. அவர்கள் செய்ய வேண்டிய வேலையைச் சங்கிலி செய்தது. தீவிர மனநோயைக் கட்டுக்குள் வைக்கும் குளோர்புரோமசின் போன்ற மாத்திரைகள் 1950களிலேயே வந்துவிட்டன. விலையும் பெரிதில்லை. ஆனால் தமிழ்நாடு முழுவதற்கும் அரசு மனநல மருத்துவமனை என்று இருந்தது ஒன்றே ஒன்று, 1794இல் தொடங்கப்பட்ட கீழ்ப்பாக்கம். ஏர்வாடியிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். தேசிய மனநலத் திட்டம் 1982இல் அறிவிக்கப்பட்டது. அதன்கீழ் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. 1996இல் நாடு முழுவதிலும் தேர்ந்தெடுத்தவை நான்கே மாவட்டங்கள், தமிழ்நாட்டில் திருச்சி மட்டும். மனநோயாளிகள் நாடெங்கிலுமிருந்து வந்து குவிகிற ஏர்வாடியைக் கொண்ட ராமநாதபுரம் அதில் இடம்பெறவில்லை.

தீக்குப் பிறகு நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே வாரத்தில், ஆகஸ்ட் 13ஆம் தேதி, அப்படிப்பட்ட காப்பகங்கள் அனைத்தும் மூடப்பட்டன. ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் அரசின் பொறுப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டு, மாநிலங்கள்தோறும் அரசு மனநல மருத்துவமனை இருக்க வேண்டும் என்று சொன்னது. ஐந்நூறு பேரை ஏழு நாளில் ஏற்றுக்கொள்ள முடிந்த அரசுக்கு அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் ஒரு மருத்துவரையும் ஒரு மருந்துப் பெட்டியையும் தர்ஹா வாசலுக்கு அனுப்ப முடியாமல் போயிருக்காது. 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி இத்தகைய இல்லங்களுக்கு உரிமம் வேண்டும் என்ற விதியும் இருந்தது. சங்கிலிகள் ஒளித்துவைக்கப்பட்டவையும் அல்ல. தர்ஹாவுக்குப் போய்வந்த எல்லோரும் பார்த்தவைதான். கண்காணிக்கும் அதிகாரம் இருந்தும் அது பயனற்றுப் போனதற்கு ஒரு காரணம் எனக்குத் தோன்றுகிறது. மூடிவிட்டால் அந்த மனிதர்களை எங்கே அனுப்புவது என்ற கேள்விக்கு அரசிடம் பதில் இல்லை. தானே ஒரு சேவையை நடத்தாத அரசால் பிறர் நடத்தும் சேவையைத் தட்டிக்கேட்கவும் முடியாது. சுகாதாரத்தில் அரசு வெறும் மேற்பார்வையாளராக இருந்தால் போதும் என்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் பதில் இது.

‘மக்கள் மருத்துவத்தை நம்பவில்லை, நேர்ச்சையைத்தான் நம்பினார்கள். அரசு கொடுத்திருந்தாலும் வாங்கியிருக்க மாட்டார்கள்’ என்று ஒரு வாதம் உண்டு. பின்னாளில் அதற்கு ஏர்வாடியே பதில் சொன்னது. தர்ஹா நிர்வாகத்தின் ஒத்துழைப்போடு அங்கேயே அரசு மனநல மருத்துவர்கள் உட்கார்ந்து மருந்து கொடுக்கும் ஏற்பாடு வந்தது. தவா–துவா, அதாவது மருந்தும் பிரார்த்தனையும், என்று அதற்குப் பெயர். துவாவுக்கு வந்தவர்கள் மாத்திரையையும் வாங்கிக்கொண்டார்கள். யாரும் தங்கள் நம்பிக்கையைக் கைவிட வேண்டியிருக்கவில்லை. நம் மக்கள் அம்மன் கோயிலில் வேப்பிலை அடித்துக்கொண்டு அதே கையோடு ஊசியும் போட்டுக்கொள்கிறவர்கள். தர்ஹாவுக்கு வந்ததாலேயே அவர்கள் மருந்தை மறுத்தவர்கள் ஆகிவிட மாட்டார்கள். பணத்துக்கும் தூரத்துக்கும் எட்டாத ஒன்றை அவர்கள் நாடிப் போகவில்லை, அவ்வளவுதான். 2015–16இல் எடுக்கப்பட்ட தேசிய மனநலக் கணக்கெடுப்பும் மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குச் சிகிச்சை எட்டவில்லை என்றே சொல்கிறது. நோயின் வகையைப் பொறுத்து நூற்றுக்கு எழுபது முதல் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர்.

இந்தக் கரையில் அரசாங்க மருத்துவமே இருந்ததில்லை என்று நினைக்க வேண்டாம். யாருக்காக இருந்தது என்பதே கேள்வி. 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கியது. தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் கூலித் தொழிலாளர்களை நிறுத்திவைத்துச் சோதிக்க மண்டபத்தில் முகாம் ஒன்றை இலங்கை அரசாங்கமே நடத்தியது. காலராவும் பிளேக்கும் அம்மையும் தீவுக்குள் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக அம்மை குத்தி, உடலைப் பரிசோதித்து, சில நாள் தங்கவைத்து அனுப்பினார்கள். மண்டபம் கேம்ப் என்ற பெயர் இன்றும் ரயில் நிலையப் பலகையில் இருக்கிறது. பின்னாளில் அங்கே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் வந்தது, அகதிகள் முகாமும் வந்தது. ஒரு வெள்ளைக்காரத் தோட்டத்துக்கு உழைப்பாளி உயிரோடு தேவை என்றபோது, கடலோரப் பொட்டலில் ஒரு முழு மருத்துவ அமைப்பையே கட்டி நடத்த முடிந்தது. அதே முகாமுக்குச் சுற்றிலும் இருந்த மீனவக் குப்பங்களுக்கு அந்த மருத்துவத்தில் உரிமை இல்லை. அந்தப் பழைய முகாமின் நோக்கத்தை நான் மெச்சவில்லை. ஆனால் ‘இவ்வளவு ஏழை நாட்டில் இதெல்லாம் நடக்கிற காரியமா’ என்று கேட்பவர்களிடம் அதைச் சுட்டிக்காட்டத் தயங்க மாட்டேன்.

நோய் ஆள் பார்த்து வருவதில்லை என்பதற்கும் ராமேஸ்வரம் தீவு நல்ல சாட்சி. அங்கே மலேரியா பல காலம் விடாமல் நின்றது. ஆராய்ச்சியாளர்கள் தேடிப்போய்க் கண்ட காரணங்களில் ஒன்று சவுக்குத் தோப்புகள். கன்றுக்குத் தண்ணீர் எடுக்க மணலில் தோண்டிய குழிகளில் தெளிந்த நீர் தேங்கி, மலேரியா பரப்பும் அனாபிலிஸ் கொசு அதில் பெருகியது. இந்தக் குழியை எந்தத் தனியார் மருத்துவமனை வந்து பார்க்கும்? அதற்கு யார் கட்டணம் கட்டுவது? காப்பீட்டு அட்டையால் கொசுப் புழுவைக் கொல்ல முடியாது. வீடு வீடாகக் காய்ச்சல் விசாரித்து, ரத்தம் எடுத்து, குழிகளில் மருந்து தெளித்து, மறு வாரமும் வந்து பார்க்கிற சுகாதார ஆய்வாளரால்தான் முடியும். அவருக்குச் சம்பளம் கொடுக்க அரசைத் தவிர எவருமில்லை. நீரிணைக்கு அந்தப் பக்கம் நடந்ததையும் பாருங்கள். இலங்கையில் 1963ஆம் ஆண்டில் பதிவான மலேரியா நோயாளிகள் மொத்தம் 17 பேர். ஒழிந்துவிட்டது என்று நம்பி நடவடிக்கைகளைத் தளர்த்தினார்கள். அதே பத்தாண்டின் இறுதியில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் படுத்தார்கள். மீண்டும் பல பத்தாண்டுகள் பாடுபட்டு, போர்க்காலத்திலும் கைவிடாமல் நடத்தி, 2016 செப்டம்பரில்தான் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்று பெற்றார்கள்.

இலங்கையைச் சொன்னதும் பணத்தைப் பற்றிய ஆட்சேபத்துக்கு வந்தாக வேண்டும், ஏனென்றால் அதுதான் எல்லோரும் முதலில் எடுக்கும் ஆயுதம். முதலில் நாடு வளரட்டும், பிறகு எல்லோருக்கும் மருத்துவம் என்கிறார்கள். தனுஷ்கோடி முனையிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் நாடு அந்த வரிசையில் போகவில்லை. அங்கே 1931இல் ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. 1934–35இல் மலேரியா கொள்ளைநோயாகப் பரவிப் பல்லாயிரம் பேரைக் கொன்றபோது, வாக்குக் கேட்டு வந்தவர்களிடம் கிராமங்கள் மருத்துவமனை கேட்டன. 1951இல் அரசு மருத்துவமனைகளில் கட்டணம் ஒழிந்தது. அப்போது அது நம்மைப் போலவே ஓர் ஏழை நாடு. 2020ஐ ஒட்டி அங்கே ஒரு லட்சம் பிரசவத்துக்கு இறந்த தாய்மார்கள் சுமார் 30 பேர். 2018–20 கணக்குப்படி தமிழ்நாட்டில் 54, இந்தியாவில் 97. பிரிட்டன் 1948இல் தேசிய மருத்துவ சேவையைத் தொடங்கியபோது போரில் இடிந்து கடனில் மூழ்கிக் கிடந்தது. தாய்லாந்து 30 பாட் திட்டத்தைக் கொண்டுவந்தது 1997 பொருளாதாரச் சரிவு முடிந்து சில ஆண்டுகளுக்குள். இந்தியாவில் அரசுகள் மக்கள் நலவாழ்வுக்குச் செலவிடுவது 2021–22இல் நாட்டின் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு 1.84. அதை 2025க்குள் 2.5 ஆக்குவோம் என்று 2017 கொள்கையில் நாமே எழுதிவைத்தோம். இதற்கு எதிராக ஒருவர் 2022ஐச் சொல்லலாம். அந்த ஆண்டு இலங்கையில் அந்நியச் செலாவணி தீர்ந்து மருத்துவமனைகளில் மருந்து இல்லாமல் போனது உண்மை. பசியிலிருந்து தப்பிய குடும்பங்கள் தனுஷ்கோடி மணல் திட்டுகளில் வந்து இறங்கியதை இந்தக் கரை பார்த்தது. ஆனால் அந்த நாட்டை முடக்கியது இலவச மருத்துவச் செலவு அல்ல. வெளிநாட்டுக் கடனும் வரிக்குறைப்பும் உரக் கொள்கையும்தான். அந்த இருண்ட மாதங்களிலும் கட்டணம் கேட்காத மருத்துவமனைகள் திறந்தே இருந்தன.

‘அரசு நடத்த வேண்டாம், பணத்தைக் கட்டினால் போதும்; காப்பீட்டு அட்டை இருக்கிறதே’ என்பது இன்னும் கூர்மையான ஆட்சேபம். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகி, 2018இல் மத்தியத் திட்டத்தோடு இணைந்து ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய்வரை தரும் அட்டை அது. இதய அறுவைக்கும் புற்றுநோய்க்கும் அது காப்பாற்றிய குடும்பங்கள் ஏராளம். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அட்டை செல்லுபடியாக ஒரு மருத்துவமனை வேண்டும், அதில் படுக்க வேண்டும். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி மூச்சடக்கி மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு பாறையிலிருந்து பாசியைப் பிய்க்கிறார்கள். கை கால் கிழியும், புண் சீழ் வைக்கும், கண் எரியும், மூட்டு வலிக்கும். இதில் எதற்கும் யாரும் மருத்துவமனையில் படுப்பதில்லை. ஊசி, மாத்திரை, போக்குவரத்து, இழந்த ஒரு நாள் கூலி என்று சிறுகச் சிறுகக் கரைகிற பணம் இது. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் அப்படித்தான், மாதாமாதம். நம் நாட்டில் மக்கள் கைக்காசாகச் செலவிடும் மருத்துவப் பணத்தில் பெரும்பங்கு வெளிநோயாளிச் சிகிச்சைக்கும் மருந்துக்கும்தான் போகிறது. மொத்த மருத்துவச் செலவில் கைக்காசின் பங்கு 2013–14இல் 64.2 விழுக்காடாக இருந்து 2021–22இல் 39.4க்கு இறங்கியிருப்பது நல்ல செய்தி. இன்னமும் அது பத்தில் நான்கு பங்கு. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் நிற்கிறபோது வருகிற நோய்க்குக் காது தோடும் தாலிக்கொடியும்தான் அடகுக் கடைக்குப் போகின்றன. வருமான வரம்பு இன்னொரு கோளாறு. பருவத்துக்குப் பருவம் மாறுகிற கடல் வருமானத்தை எந்தச் சான்றிதழில் எழுதுவது? ஏழை என்று நிரூபித்த பிறகுதான் சிகிச்சை என்றால், நிரூபிக்கத் தெரியாதவர்கள்தான் முதலில் வெளியே நிற்பார்கள். அவர்கள் பெரும்பாலும் மிகவும் ஏழைகள்.

‘எல்லாம் சரி, அரசு ஆஸ்பத்திரியின் நிலை தெரியாதா’ என்று கேட்பார்கள். தெரியும். வரிசையும், அழுக்கும், கைநீட்டும் சிப்பந்திகளும், ‘மதுரைக்கு எழுதிக் குடுத்துட்டாங்க’ என்ற சொல்லும் இந்த மாவட்டத்துக்குப் பழக்கமானவை. 1988இல் சாலைப் பாலம் திறக்கும்வரை ராமேஸ்வரம் தீவிலிருந்து நோயாளியைக் கொண்டுபோக ரயில்தான் கதி. இரவில் நெஞ்சு வலித்தால் விடிய வேண்டும். பாலம் வந்தபிறகும் மதுரை பெரியாஸ்பத்திரிக்கு 170 கிலோமீட்டர். ஆனால் இந்தக் குறைகளைச் சொல்லித் தனியார் பக்கம் திரும்புகிறவர்கள் ஓர் உண்மையைக் கவனிப்பதில்லை. உயர்சிகிச்சை தரும் தனியார் மருத்துவமனைகள் மதுரையில் நிறைந்தன, பாம்பனில் வரவில்லை. வருமானம் இல்லாத இடத்துக்கு அவை வருவதற்கு எந்தக் காரணமும் இல்லை, அதற்காக அவற்றைக் கோபிக்கவும் முடியாது. மறுபுறம், அரசு மனம்வைத்துச் செய்த காரியங்கள் உலகம் வந்து பார்க்கும் தரத்தில் நடந்திருக்கின்றன. 1994இல் உருவாக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அத்தியாவசிய மருந்துகளை மொத்தமாக ஏலத்தில் வாங்கி, சோதித்து, மாவட்டக் கிடங்குகளில் வைத்து மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. ராஜஸ்தான் உள்ளிட்ட மாநிலங்கள் அதைப் பார்த்துத் தாங்களும் தொடங்கின. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை, கொதிப்பு மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் அதற்குக் கிடைத்தது. 2021 டிசம்பரில் வந்த இன்னுயிர் காப்போம் திட்டத்தில் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு யாரும் பணம் கேட்பதில்லை. எந்த மாநிலத்துக்காரர், என்ன வருமானம் என்றும் கேட்பதில்லை. அக்னி தீர்த்தத்துக்கு வடக்கேயிருந்து பேருந்தில் வரும் பக்தருக்கும் அதில் உரிமை உண்டு. எல்லோருக்கும் ஒன்றுபோல என்ற கொள்கை 48 மணி நேரத்துக்குச் சாத்தியமாகியிருக்கிறது. 49ஆவது மணியில் அது ஏன் நின்றுவிட வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

விலையையும் அரசு நினைத்தால் அடக்கலாம். ராமேஸ்வரம் தீவில் பிறந்த அப்துல் கலாம் 1990களில் ஹைதராபாத்தின் இதய மருத்துவர் சோமராஜுவோடு சேர்ந்து குறைந்த விலை இதய ஸ்டென்ட் ஒன்றை உருவாக்கினார். ஏவுகணைக்கு உழைத்த அறிவை ஏழையின் ரத்தக்குழாய்க்கும் திருப்ப முடியும் என்று காட்டிய முயற்சி அது. ஆனாலும் சந்தையில் ஸ்டென்ட் விலை ஏறிக்கொண்டே போனது. அதைக் கீழே இறக்கியது 2017 பிப்ரவரியில் மருந்து விலை ஆணையம் விதித்த உச்சவரம்பு. மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். லட்சத்தைத் தாண்டி விற்றுக்கொண்டிருந்த பொருள் அது. நல்ல மனிதர்களின் கண்டுபிடிப்பு தனித்து நின்று செய்ய முடியாததை ஓர் அரசாணை ஒரே நாளில் செய்தது.

2022 ஜனவரியில் ராமநாதபுரத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. மதுரை எய்ம்ஸுக்கு 2019இல் அடிக்கல் நாட்டியும் கட்டடம் எழாததால் அதன் முதல் மாணவர்கள் ஐம்பது பேரும் இங்கேதான் படிக்கத் தொடங்கினார்கள். கட்டடம் முதல் படி. பரமக்குடியிலும் திருவாடானையிலும் ராமேஸ்வரத்திலும் இரவு இரண்டு மணிக்கு மயக்க மருந்து நிபுணர் இருக்கிறாரா, ரத்த சுத்திகரிப்புக்கு வாரம் மூன்று முறை ஒருவர் எத்தனை கிலோமீட்டர் போய்வருகிறார் என்பதை வைத்தே நான் அதன் பயனை அளப்பேன். எல்லோருக்கும் அரசு மருத்துவம் என்பதற்கு ஒரு சட்ட வழியும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஏர்வாடிக்குப் பின் பதினாறு ஆண்டுகள் கழித்து வந்த 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்ததோடு நிற்கவில்லை. அரசின் செலவில் நடக்கும் மனநல சேவையைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்றது. அந்தச் சேவை ஒரு மாவட்டத்தில் இல்லையென்றால், நோயாளி அதே மாவட்டத்தில் வேறு இடத்தில் சிகிச்சை பெறலாம், செலவை அரசே ஏற்க வேண்டும் என்றும் எழுதியது. சேவையைத் தராவிட்டால் அரசுக்குப் பணம் செலவாகும் என்கிற விதி இது. ராஜஸ்தான் 2023இல் நலவாழ்வு உரிமைச் சட்டம் கொண்டுவந்து அவசர சிகிச்சையில் இந்த உரிமையைத் தொட்டது. தனியார் மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், சட்டம் நிறைவேறியது. தமிழ்நாட்டில் இதைச் செய்யப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மனநோய்க்கு எழுதிய அந்த ஒரு பிரிவைப் பிரசவத்துக்கும் சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் பாம்புக்கடிக்கும் நீட்டி எழுத வேண்டும். வருமானச் சான்றிதழ் கேட்கும் வரியை அதில் சேர்க்காமல் விட வேண்டும். அகதிகள் முகாமில் பிறந்த குழந்தைக்கும் அது பொருந்தும் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.